பெயர் தெரியாத வைரஸ்: குறைமாதச் சிசுக்களின் குடல் நோயும் நாம் கேட்காத பரிசோதனையும்

2025 ஒக்டோபரில் மொடர்னா நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சைட்டோமெகலோ வைரசுக்கு எதிராக அது உருவாக்கிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி, ஏறத்தாழ 7,500 பெண்கள் பங்கேற்ற மூன்றாம் கட்டப் பரிசோதனையில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆகவே கருவிலுள்ள சிசுக்களைத் தொற்றிலிருந்து காப்பதற்கான அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று நிறுவனம் சொன்னது. உலக ஊடகங்களில் இது பெரும்பாலும் பங்குச்சந்தைச் செய்தியாகவே வந்துபோனது. கொரோனா தடுப்பூசியில் பெயர் வாங்கிய நிறுவனம் ஒன்று இன்னொரு தடுப்பூசியில் தோற்றது, அவ்வளவுதான்.

இலங்கையில் இந்தச் செய்தியைக் கண்டு எந்தத் தாயும் கவலைப்பட்டிருக்க மாட்டார். கவலைப்பட வேண்டுமானால் முதலில் அந்த வைரசின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். டெங்கு தெரியும், எலிக்காய்ச்சல் தெரியும், கர்ப்ப காலத்தில் றுபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண்ணும் காதும் போகும் என்பதும் நம் அம்மாக்களின் தலைமுறைக்கே தெரியும். ஆனால் கருவிலிருக்கும் பிள்ளைகளை உலகிலேயே அதிகம் தொற்றும் வைரஸ் எது என்று கேட்டால், படித்தவர்களில்கூடப் பலரிடம் பதில் இராது. அது இந்தச் சைட்டோமெகலோ வைரஸ்தான். வைத்தியர்கள் சுருக்கமாக சி.எம்.வி. என்பார்கள்.

இந்தக் கட்டுரை சி.எம்.வி.யின் முழுக் கதையையும் சொல்லப்போவதில்லை. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தைப் பற்றியது: நாள் நிறையாமல் பிறந்த பிள்ளைகளின் குடலில் இந்த வைரஸ் செய்யும் சேதமும், அதை நாம் வேறொரு நோயாக எடுத்துக்கொள்வதும்.

சி.எம்.வி. கொப்புளிப்பான், அக்கி போன்றவற்றை உண்டாக்கும் ஹேர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருமுறை உடலுக்குள் வந்தால் ஆயுள் முழுக்க உள்ளேயே உறங்கிக் கிடக்கும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சாதாரணக் காய்ச்சல் போல வந்து போயிருக்கும், அல்லது வந்ததே தெரிந்திராது. தெற்காசியாவில் மிகப் பெரும்பாலான பெண்கள் பிள்ளைப்பேற்று வயதுக்கு வரும் முன்னரே இந்தத் தொற்றைப் பெற்றுவிடுகிறார்கள். 1881 இல் ஜேர்மனியில் ஹூகோ ரிபேர்ட் என்ற நோயியலாளர், இறந்து பிறந்த சிசு ஒன்றின் சிறுநீரகத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்த கலங்களைக் கண்டார். அது ஒரு வைரசின் வேலை என்பது உறுதியாக இன்னும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது. 1950களில்தான் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. கலத்தைப் பெருக்க வைப்பது என்ற பொருளிலேயே அதற்குப் பெயரும் வைத்தார்கள். நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்கள் ஆந்தையின் கண் போலத் தெரியும். இந்த ஆந்தைக்கண் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

பணக்கார நாடுகளில் 200 பிள்ளைகளுக்கு ஒருவர் சி.எம்.வி. தொற்றுடன் பிறக்கிறார். 2021 இல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வு, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் அந்த வீதம் 1.4 சதவீதமளவில் இருப்பதாகக் கணக்கிட்டது. இலங்கையில் இப்போது ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறக்கிறார்கள். குறைந்த வீதத்தை வைத்துப் பார்த்தாலே ஆண்டுக்கு ஆயிரம் பிள்ளைகள் என்று வருகிறது. தொற்றுடன் பிறப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கேட்டல் குறைபாடோ வளர்ச்சிக் குறைபாடோ நீண்டகாலத்துக்குத் தங்கும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம். இது இலங்கையில் எடுக்கப்பட்ட கணக்கு அல்ல, வெளிநாட்டு வீதங்களை வைத்துப் போட்ட கைக்கணக்கு. ஆனாலும் விடயத்தின் பருமன் புரியும்.

இது கருவில் வரும் தொற்று. குடல் நோயின் கதை பெரும்பாலும் பிறந்த பிறகுதான் தொடங்குகிறது.

26, 28 வாரங்களில், ஒரு கிலோவுக்கும் குறைந்த நிறையில் பிறக்கும் பிள்ளை சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்குபேட்டருக்குள் இருக்கிறது. அம்மா பாலை எடுத்துக் கொடுக்கிறார், அது குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகிறது. முதல் வாரங்கள் நன்றாகவே போகலாம். நிறை கூடும், சுவாசக் கருவியிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு ஐந்தாம், ஆறாம் வாரத்தில் வயிறு ஊதும், பால் செரிக்காமல் திரும்பி வரும், மலத்தில் இரத்தம் காணும். குருதிச் சிறுதட்டுக்கள் இறங்கும். உடனே பாலை நிறுத்தி, அன்டிபயோட்டிக் தொடங்கி, வயிற்றை எக்ஸ்ரே எடுப்பார்கள். அது சரியான நடவடிக்கைதான். ஏனென்றால் குறைமாதச் சிசுவின் வயிறு ஊதினால் வைத்தியர் முதலில் அஞ்ச வேண்டியது 'நெக்' எனப்படும் நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் நோய்க்கு. குடற்சுவர் வீங்கி அழுகி, சிலவேளை துளை விழும் நோய் அது. 1,500 கிராமுக்குக் குறைந்து பிறப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரை அது தாக்குகிறது. தாக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இறக்கிறார்.

சி.எம்.வி.யும் அச்சொட்டாக இதே முகத்துடன் வரக்கூடும். வைரஸ் குடலின் உட்படையையும், குடலுக்கு இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களின் உட்சுவரையும் தொற்றுகிறது. குழாய் வீங்கி அடைபட்டால் அந்த இடத்துத் தசை பட்டினி கிடந்து புண்ணாகிறது. சிலவேளை துளை விழுகிறது. சிலவேளை புண் ஆறும்போது தழும்பு இறுகி, வாரங்கள் கழித்துக் குடல் அடைத்துக்கொள்கிறது. நெக் என்று பெயர் எழுதி அன்டிபயோட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால், வைரஸ் அதைக் கவனிக்கப்போவதில்லை. மருத்துவ இதழ்களில் வெளியான பல நோயாளர் அறிக்கைகளில் உண்மை வெளிப்பட்டது சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான். வெட்டி எடுத்த குடல் துண்டை நோயியல் ஆய்வுகூடத்தில் பார்த்தபோது அங்கே ஆந்தைக்கண் இருந்தது. நாள் நிறைந்து பிறந்த பிள்ளைகளிலும் அரிதாக இது நேர்ந்திருக்கிறது. அங்கே மலத்தில் வரும் இரத்தத்தைப் பசுப்பால் ஒவ்வாமை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

நெக் நோயையே சி.எம்.வி. உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது பிழை. பெரும்பாலான நெக் நோய்க்கும் இந்த வைரசுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நெக் போலத் தோன்றுபவற்றில் ஒரு சிறு பங்கு சி.எம்.வி. குடல் நோய், அதைத் தேடினால் மட்டுமே கண்டுபிடிக்கலாம்.

வைரஸ் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் விடயம் சிக்கலாகிறது. முன்பு இரத்தமேற்றல் ஒரு முக்கிய வழியாக இருந்தது. இரத்தத்திலுள்ள வெண்கலங்களை வடிகட்டிவிட்டு ஏற்றும் முறையும், தொற்றில்லாதவர்களின் இரத்தத்தைத் தெரிந்தெடுக்கும் முறையும் அந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டன. 2014 இல் அமெரிக்காவில் 539 குறைநிறைச் சிசுக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், இந்த இரு முறைகளும் சேர்ந்து பின்பற்றப்பட்டபோது இரத்தத்தின் மூலம் ஒரு பிள்ளைக்கும் தொற்றவில்லை. ஆனாலும் 29 பிள்ளைகளுக்குப் பிறந்த பின் தொற்று வந்தது. அவர்களில் ஐவர் கடும் நோய்க்குள்ளானார்கள் அல்லது இறந்தார்கள். தொற்று வந்த வழி தாய்ப்பால்.

தொற்றுள்ள தாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸ், பால் சுரக்கத் தொடங்கியதும் மார்பகத்தில் விழித்துக்கொள்கிறது. 2001 இல் ஜேர்மனியின் டியூபிங்கன் நகர ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், முன்னர் தொற்றுக்குள்ளாகியிருந்த பாலூட்டும் தாய்மாரில் 96 சதவீதமானோரின் பாலில் வைரஸ் விழித்திருந்தது. குறைமாதப் பிள்ளைகளுக்கு அது கடத்தப்பட்ட வீதம் 37 சதவீதம். பிரசவத்தின் பின் நான்கு முதல் எட்டு வாரங்களில் பாலில் வைரசின் அளவு உச்சத்தைத் தொடுகிறது. மேலே சொன்ன பிள்ளைக்கு ஐந்தாம், ஆறாம் வாரத்தில் வயிறு ஊதியதை இதோடு பொருத்திப் பாருங்கள்.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு யாராவது பால்மா வாங்கக் கிளம்பினால், இந்தக் கட்டுரை எழுதப்படாமல் இருந்திருப்பதே நல்லது. நாள் நிறைந்து பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலில் வரும் சி.எம்.வி. ஏறக்குறைய எந்தத் தீங்கும் செய்வதில்லை. கருவில் இருந்த கடைசி வாரங்களில் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புடல்கள் அதற்குப் பாதுகாப்பு. 32 வாரங்களுக்கு முன் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பொதி முழுதாகக் கிடைப்பதில்லை, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும்கூட, குடலைக் காப்பவற்றில் தாய்ப்பாலுக்கு நிகராக ஒன்று இன்றுவரை இல்லை. 1990 இல் பிரித்தானியாவில் 926 குறைமாதப் பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு, பால்மா மட்டுமே பெற்றவர்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்களைவிட நெக் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்ததைக் காட்டியது. ஆக, எப்போதாவது குடலைக் கெடுக்கும் வைரசும், பெரும்பாலும் குடலைக் காக்கும் பொருளும் ஒரே துளிப் பாலில் வருகின்றன. தராசில் எந்தத் தட்டு கனமானது என்பதில் மருத்துவ உலகில் பெரிய தகராறு இல்லை. பாலின் பக்கமே கனம்.

ஆனால் பாலை எப்படிக் கொடுப்பது என்பதில் நாடுகள் பிரிந்து நிற்கின்றன. 62.5 பாகை செல்சியசில் அரை மணிநேரம் சூடாக்கினால் வைரஸ் அழியும். அதோடு பாலிலுள்ள உயிருள்ள கலங்களும், நோயெதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதியும், கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியமும் அழியும். உறைய வைத்தால் வைரஸ் குறையும், முற்றாகப் போகாது. சுவீடனில் நடந்த பரிசோதனையில் உறைய வைத்த பாலும் தொற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. பிரான்சிலும் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளிலும் மிகக் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பாலைச் சூடாக்கிக் கொடுக்கும் வழக்கம் பல வைத்தியசாலைகளில் இருந்திருக்கிறது. டியூபிங்கன் குழு சில விநாடிகள் மட்டும் சூடாக்கும் முறையை உருவாக்கியதும் இதற்காகத்தான். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களோ சூடாக்காத தாய்ப்பாலின் நன்மை ஆபத்தைவிடப் பெரிது என்று நிற்கிறார்கள். இலங்கையில் ஏறக்குறைய ஒவ்வொரு தாயும் தொற்றுக்குள்ளானவர் என்று வைத்தால், தாயைச் சோதித்துப் பிரித்தெடுப்பதில் பொருளில்லை. எல்லோருடைய பாலையும் சூடாக்குவதா, ஒருவருடையதையும் சூடாக்காமல் பிள்ளையைக் கவனமாகப் பார்ப்பதா என்ற இரண்டே தெரிவுகள்தான் மிஞ்சும். வசதி குறைந்த, எப்போதும் நிரம்பிய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உள்ள நாட்டுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தெரிவில் 'கவனமாகப் பார்ப்பது' என்ற சொல்லுக்கு உண்மையான உள்ளடக்கம் இருக்க வேண்டும்.

பால்மா விடயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் இலினொய் மாநில ஜூரி ஒன்று, நெக் நோயால் இறந்த குறைமாதக் குழந்தையின் தாய்க்கு 60 மில்லியன் டொலர் வழங்குமாறு மீட் ஜோன்சன் நிறுவனத்துக்குத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென் லூயிஸ் நகர ஜூரி அபொட் நிறுவனத்துக்கு 495 மில்லியன் டொலர் விதித்தது. குறைமாதப் பிள்ளைகளுக்கான தம் பால்மாவிலுள்ள நெக் ஆபத்தை நிறுவனங்கள் எச்சரிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஒக்டோபரில் இன்னொரு வழக்கு நிறுவனங்களுக்குச் சாதகமாக முடிந்தது. பின்னர் அதை மீண்டும் விசாரிக்குமாறு நீதிபதி உத்தரவிட்டார். இடையில் அமெரிக்காவின் மூன்று சுகாதார நிறுவனங்கள் சேர்ந்து விடுத்த கூற்றில், பால்மா நெக்கை உண்டாக்குகிறது என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை, தாய்ப்பால் பாதுகாக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு என்று சொன்னார்கள். அதாவது ஆபத்து பால்மாவில் இருப்பதைவிடத் தாய்ப்பால் இல்லாததில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த நுணுக்கத்தை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது வேறு. 2016 கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். தென்னாசியாவில் பெருமைப்படத்தக்க எண் இது. 'தாய்ப்பாலில் வைரஸ்' என்ற அரைகுறைச் செய்தி முகநூலில் பரவினால் இந்த எண்ணுக்கு என்ன ஆகும், அதனால் யாருடைய விற்பனை கூடும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. வைத்தியர்கள் இதைப் பொதுவெளியில் பேசத் தயங்குவதற்கு இதுவும் காரணமாக இருந்தால் எனக்கு அது புரிகிறது. ஆனால் பேசாமல் விட்ட இடத்தில் வதந்திதான் வந்து உட்காரும்.

பேசுவதற்கான தகுதி இந்த நாட்டுக்கு உண்டு. 1996 இல் பெண்களுக்கு றுபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கிய இலங்கை, 2020 இல் சின்னமுத்தையும் றுபெல்லாவையும் ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை ஒழித்ததற்கான சான்றிதழையும் பெற்றது. தாயிடமிருந்து கருவுக்குப் போகும் தொற்றுக்களை வைத்தியர்கள் ஒரே பட்டியலாகப் படிப்பார்கள். அந்தப் பட்டியலில் நாம் வென்ற மூன்றுக்கும் பக்கத்திலேயே சி.எம்.வி. இருக்கிறது. அதற்குத் தடுப்பூசி இல்லை, மொடர்னாவின் தோல்விக்குப் பிறகு விரைவில் வருவதாகவும் தெரியவில்லை. வந்திருந்தாலும் அந்தப் பரிசோதனை முக்கியமாகப் பார்த்தது இதுவரை தொற்றாத பெண்களைக் காப்பதைத்தான். ஏற்கெனவே தொற்றுக்குள்ளான பெண்கள் நிறைந்த நம் நாட்டில் அதன் பயன் மட்டாகவே இருந்திருக்கும். ஏற்கெனவே தொற்றிய தாயிலும் வைரஸ் மீண்டும் விழித்தோ, வேறு வகை தொற்றியோ கருவை அடையலாம்.

தடுப்பூசி இல்லாதபோது மிஞ்சுவது கண்டுபிடிப்பது. அங்கே ஒரு மணிக்கூடு ஓடுகிறது. பிறந்து 21 நாட்களுக்குள் பிள்ளையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ பி.சி.ஆர். பரிசோதனை செய்தால் கருவிலேயே வந்த தொற்றை உறுதிப்படுத்தலாம். அதன் பிறகு வைரஸ் காணப்பட்டால் அது கருவில் வந்ததா, பாலில் வந்ததா என்று பிரிக்க முடியாது. இந்தப் பிரிப்பு முக்கியம். கருவில் வந்த தொற்று மெல்ல மெல்லக் காதைப் பறிக்கக்கூடியது. பாலில் வந்தது பொதுவாக அப்படிச் செய்வதில்லை, குறைமாதப் பிள்ளைக்கு அதன் ஆபத்து குடலிலும் ஈரலிலும் நுரையீரலிலும் வருவது. கருவில் தொற்றி, அறிகுறிகளுடன் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதம் வல்கன்சிக்ளோவிர் கொடுத்தால் கேட்டலும் மொழி வளர்ச்சியும் ஓரளவு மேம்படும் என்று 2015 இல் ஒரு பரிசோதனை காட்டியது. பாலில் வந்த கடும் குடல் நோய்க்கு கன்சிக்ளோவிர் கொடுக்கிறார்கள். அதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை, வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும் பக்கவிளைவும் உண்டு. ஆனாலும் வைரஸ்தான் என்று தெரிந்தால் தேவையற்ற அன்டிபயோட்டிக்கை நிறுத்தலாம். சிலவேளை ஒரு சத்திரசிகிச்சையையே தவிர்க்கலாம்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? 2013 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம், கேட்டல் பரிசோதனையில் தவறும் பிள்ளைகளுக்கு சி.எம்.வி. சோதனையைச் சட்டமாக்கியது. 2019 இல் கனடாவின் ஒன்ராறியோ, குதிக்காலில் எடுத்த இரத்தத்துளி அட்டையிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் வைரசைத் தேடத் தொடங்கியது. 2023 பெப்ரவரியில் மினசோட்டா அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கும் முதல் மாநிலமானது. அங்கே சட்டம் வரக் காரணம், பிள்ளைகளின் நோய்க்குப் பெயர் தெரியாமல் அலைந்த பெற்றோர்கள் ஆண்டுக்கணக்கில் சட்டசபைப் படியேறியது. எல்லோரையும் சோதிப்பதற்கு எதிரான வாதமும் லேசானதல்ல. தொற்றுள்ள ஐவரில் நால்வர் ஒரு குறையுமின்றி வளர்வார்கள், அவர்களின் பெற்றோருக்கு வீண் பயத்தைக் கொடுக்கிறோம் என்கிறார்கள். தொடர்ந்து காதைச் சோதிக்க ஆளும் கருவியும் இல்லாத இடத்தில் இந்த வாதம் இன்னும் கனக்கும்.

அதனால் இலங்கை நாளைக்கே மினசோட்டாவாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2022 இல் அடிப்படை மருந்துகளுக்கே அல்லாடிய சுகாதாரத் துறையிடம் அதைக் கேட்பது நியாயமுமில்லை. கேட்கக்கூடியது சிறியது. கேட்டல் பரிசோதனையில் தவறும் பிள்ளை, நாள் நிறைந்தும் நிறை குறைந்து பிறந்த பிள்ளை, தலை சிறுத்த பிள்ளை, பிறந்ததும் தோலில் செம்புள்ளிகள் காணும் பிள்ளை ஆகியோருக்கு 21 நாட்களுக்குள் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காம் வாரத்துக்குப் பிறகு நெக் போலத் தோன்றி, சிறுதட்டுக்கள் இறங்கி, அன்டிபயோட்டிக்குக்கு மசியாத பிள்ளைக்கும் ஒன்று. குடல் துண்டு ஆய்வுகூடத்துக்குப் போனால், விண்ணப்பத்தில் 'சி.எம்.வி.யும் பார்க்கவும்' என்று ஒரு வரி. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். 2020 இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் கொரோனாவுக்காகப் பி.சி.ஆர். ஓடியது. தொழில்நுட்பம் அதே தொழில்நுட்பம்தான். வேண்டியது இந்த வைரசுக்கான பரிசோதனைப் பொருட்களும், மாதிரி கொழும்புக்குப் போய்ப் பதில் வருவதற்குள் பிள்ளை சத்திரசிகிச்சை மேசைக்குப் போய்விடாதபடி ஓர் ஒழுங்கும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குச் சொல்ல வேண்டியதும் கடினமானதல்ல. இந்த வைரஸ் அதிகம் இருப்பது சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும். மூத்த பிள்ளை மிச்சம் விட்ட சோற்றை வீணாக்க மனமில்லாமல் அம்மா சாப்பிட்டு முடிப்பது எந்த வீட்டிலும் நடப்பது. கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் அதை விட வேண்டும். பம்பர்ஸ் மாற்றிய பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கொஞ்சும்போது வாயில் முத்தமிடாமல் நெற்றியில் முத்தமிடலாம். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு இது இன்னும் பொருந்தும். கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விடயம். தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தால் அந்த இரண்டு நிமிடமும் மிச்சம்.

அந்த 21 நாட்களுக்குள் இந்த நாட்டில் ஒருவர் பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தவறாமல் வருகிறார். குடும்பநல உத்தியோகத்தர் முதல் பத்து நாட்களிலேயே இருமுறை படலையைத் திறந்து உள்ளே வந்துவிடுகிறார். தொப்புளைப் பார்க்கிறார், மஞ்சள் பூத்திருக்கிறதா என்று பார்க்கிறார், பால் போதுமா என்று கேட்கிறார். அவருடைய கேள்விகளோடு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம்: பிள்ளைக்குக் காது பார்த்தார்களா, பார்த்ததில் தவறியிருந்தால் சிறுநீர் எடுத்தார்களா?